கடைசி மூன்று இலக்கம்

எங்கள் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி "எத்திராஜ் கீறாரா?" என்பதுதான். இருபத்தாறு வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். வாசலை ஒட்டிய பெஞ்சு என்னுடையது என்பதால் "உள்ள கீறாரு, போங்க" என்று கை காட்டுகிற வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள அந்தக் கடையில் நானும் பழுது பார்க்கிறவன்தான் என்று தெரியாமலேயே பல வாடிக்கையாளர்கள் காலமாகிவிட்டார்கள்.

போன வருடம் கண் சரியில்லை என்று வேலையை விட்டேன். கடையில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் வீடு தேடி வந்து, பழைய துப்பாக்கிகளின் நம்பர் பற்றி என்னைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லப்பட்டதாகச் சொன்னீர்கள். யார் சொன்னது என்று கேட்டேன். "எத்திராஜ் சார்" என்றீர்கள். வாயால் சொல்லியிருந்தால் கோபத்தில் எதையாவது விட்டிருப்பேன். அதனால் எழுதித் தருகிறேன்.

நம்பர் விஷயத்தில் எனக்கு விவரம் அதிகம் என்பது உண்மை. பெங்களூரில் பழைய புத்தகக் கடைகளில் சீமைத் துப்பாக்கிகளைப் பற்றி எது கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். கடையில் எனக்குப் பெயரே 'புக்கு'. நம்பரைப் பார்த்ததும் துப்பாக்கிக்கு வயது சொல்ல ஆசை வரும், வரக் கூடாது. புதிதாகக் கடை திறந்தவன் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால் எவன் வாங்குவான்? எடுத்த எடுப்பில் ஐந்து இலக்கத்தில் ஆரம்பித்தவர்கள் உண்டு. ஒரே கொட்டகையில் செய்த துப்பாக்கிகளில் பத்துக் கடைக்காரர்கள் பத்துப் பெயரைப் பொறித்து, அவரவர் இஷ்டத்துக்கு நம்பர் குத்திக்கொண்டதும் உண்டு. பேரல் தேய்ந்து போனால் புதுப் பேரல் போட்டு, பழைய நம்பரையே அதில் குத்தி அனுப்புவார்கள். ஆக, நம்பர் என்பது அந்தக் கம்பெனி தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்ள விரும்பியது என்பதுதான். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளைக்குப் போடும் உத்தியோகம் மாதிரி.

இவ்வளவும் எனக்குத் தெரியும். எத்திராஜுக்கு இதில் ஒரு வரி தெரியாது. என்னைவிட இரண்டு வருடம் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவன். ஆங்கிலம் என்றால் கம்பெனி பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பான். ஆனால் துப்பாக்கியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, காதருகே வைத்து மூடுவான். அந்த ஒரு சத்தத்தில் எங்கே தேய்மானம், எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது, எவன் இதற்கு முன் கைவைத்துக் கெடுத்தான் என்று சொல்லிவிடுவான். நானும் கண்ணை மூடிக்கொண்டு மூடிப் பார்த்திருக்கிறேன். 'டக்' என்று கேட்கும். எல்லாத் துப்பாக்கியும் 'டக்'தான்.

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவன் மேல் பொறாமை. வேலையில் மட்டும் என்றால் கௌரவமாக இருந்திருக்கும். டீ கொண்டுவருகிறவர் அவன் கிளாஸை நிறைத்து ஊற்றுவார். தெருப் பூனை அவன் பெஞ்சுக்கு அடியில்தான் படுக்கும். எனக்குத் தலை வெளுத்தது. அவனுக்குக் காதோரம் மட்டும், அதுவும் அழகாக, நரைத்தது.

வேலையில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பெஞ்சில் ஒரு துப்பாக்கிதான். பேரல், கட்டை, முன்கட்டை என்று மூன்றாகப் பிரிப்பான், துடைப்பான், மறுபடி பூட்டி உறையில் போட்டுக் கட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவான். அவசரம் என்று யார் கத்தினாலும் இரண்டாவது துப்பாக்கி பெஞ்சுக்கு வராது. எனக்கு இது படிக்காதவனின் பயமாகப் பட்டது.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முந்தைய ஒரு தேர்தலில் எங்கள் கடைக்கு நாற்பது துப்பாக்கி வந்தது. சும்மா கிடக்கிற காலத்தில் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தால் கடைக்கு நல்ல பெயர் என்றார் முதலாளி. முடிவு வெளியாகப் போகிற வாரம் எத்திராஜ் பேத்திக்கு மொட்டை போடத் திருத்தணி போனான். நான்கு நாள் லீவு.

நான்கு நாள் எத்திராஜ் இல்லாத கடை! அவன் திரும்பி வரும்போது நாற்பதும் பளபளவென்று வரிசையில் நிற்க வேண்டும், அவன் ஒரு நிமிடம் வாயடைத்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் முறைப்படி செய்தால் பத்து நாள் ஆகும். நான் படித்தவன் இல்லையா? பெரிய ஃபேக்டரிகளில் செய்ததைப் போலச் செய்தேன். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு துப்பாக்கியைப் பிரித்தேன். இந்தப் பக்கம் பேரல்கள், அந்தப் பக்கம் கட்டைகள், தட்டில் முன்கட்டைகள். ஒவ்வொன்றிலும் குத்தியிருந்த நம்பரைப் பார்த்து அட்டை எழுதிக் கட்டினேன். பன்னிரண்டையும் ஒன்றாகத் துடைத்து முடித்து, பிறகு ஒன்றாகப் பூட்டினேன். இரண்டரை நாளில் முடிந்தது.

மூன்றாவது பன்னிரண்டில் இரண்டு துப்பாக்கி ஒரே கம்பெனி. ஒன்று மாரிகுப்பத்துப் பென்ஷன்காரர் முனுசாமி ஐயாவுடையது. தங்கச் சுரங்க மைனில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குப் போகும்போது ஐயாவின் அப்பாவிடம் முறையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. இன்னொன்று மளிகைக்கடை நடராஜனுடையது. பேத்தமங்கலம் பக்கம் அவருக்குத் தோட்டம் இருக்கிறது. பன்றி விரட்ட வைத்திருந்தார். ஐயாவுடையதற்கு நம்பர் 31468. நடராஜனுடையதற்கு 52468.

அந்தக் கம்பெனி முழு நம்பரையும் கட்டையில் விசையைச் சுற்றியிருக்கும் டிரிகர் கார்டில் மட்டும்தான் குத்தும். பேரலில் கடைசி மூன்று இலக்கம் மட்டுமே இருக்கும். ஃபேக்டரிக்குள் பொருத்துகிறவனுக்கு அது போதும். இந்த 468-க்கும் அடுத்த 468-க்கும் நடுவே ஆயிரம் துப்பாக்கி வேலை இருக்கிறது. எந்தப் பேரலும் எந்தக் கட்டையிலும் உட்காரும்படி மெஷினில் செய்கிறோம் என்று விளம்பரத்தில் பெருமை வேறு அடித்துக்கொண்ட கம்பெனி அது. கையால் இழைத்துச் செய்த துப்பாக்கி என்றால் அடுத்தவன் பேரலை ஏற்றுக்கொள்ளாது, மூடும்போதே முரண்டு பிடிக்கும்.

இரண்டு பேரலிலும் 468 இருந்ததை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். பார்த்தேன். 'ஆகா, அபூர்வம்!' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். எத்திராஜ் வந்ததும் சொல்லி அசத்தலாம் என்று பக்கத்தில் நட்சத்திரம்கூடப் போட்டேன். பிறகு கைக்கு எது முதலில் அகப்பட்டதோ அதை எடுத்துப் பூட்டினேன். இரண்டும் வெண்ணெய் மாதிரி மூடிக்கொண்டன.

முடிவெல்லாம் வெளியாகி, துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்த அன்றே நடராஜன் வந்து நின்றார்.

"எத்திராஜண்ணே கீறாரா?"

"திருத்தணி போயிருக்கார். நான் எடுத்துத் தரேன்."

"அவரு கை வச்சாரா இதுல?"

"இல்ல. நான்தான் சுத்தம் பண்ணேன்."

துப்பாக்கியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "பரவால்ல வுடுங்க," என்றார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதற்காகவோ என்னவோ, "நாளிக்கி பன்னெண்டு மணிக்குத் தோட்டத்துல பூஜை போட்டு ரெண்டு வெடி வெடிக்கணும், புக்கு சார். ஒன்றரை மாசமா பன்னிங்களுக்குக் குளிர் வுட்டுப் போச்சி. துப்பாக்கி வீட்டுக்கு வந்துடுச்சின்னு அதுங்களுக்குத் தெரியணுமில்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எத்திராஜ் வந்தான். பேத்தியோடு சேர்ந்து அவனும் மொட்டை. மொட்டையும் அவனுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. வரிசையாக நின்ற துப்பாக்கிகளைப் பார்த்தான். "எல்லாத்தியும் முடிச்சிட்டியா! சபாஷ்பா," என்று சொல்லிவிட்டு விபூதிப் பொட்டலத்தை நீட்டினான். வாயடைத்து நிற்கவில்லை. சந்தோஷப்பட்டான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பத்தரை மணி இருக்கும். சாயங்காலம் முனுசாமி ஐயா வருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய துப்பாக்கிக்குக் கடைசியாக ஒரு கை எண்ணெய் போடலாம் என்று பேரலைக் கழற்றித் திருப்பினேன். அடியில் இருந்த சோதனை முத்திரை கண்ணில் பட்டது. இன்றைய புகையில்லா வெடிமருந்தைத் தாங்கும் என்று சோதித்துக் குத்தியது. அது அங்கே இருக்கக் கூடாது. ஏனென்றால் முனுசாமி ஐயாவின் பேரல் இரும்புப் பட்டையை முறுக்கிச் செய்த பழைய பேரல். அந்தக் காலத்துக் கருமருந்துக்கு மட்டும் ஆனது. எவனோ கறுப்புச் சாயம் ஏற்றி அதன் முறுக்கு வரிகளை மறைத்துவைத்திருந்தான். 'சுடக் கூடாது' என்று ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதியவனே நான்தான். ஐயாவும் அதைச் சுட்டதில்லை. அப்பாவின் ஞாபகத்துக்காக வைத்திருந்தார்.

இந்தப் பேரல் இங்கே இருக்கிறது என்றால் அந்தப் பேரல் நடராஜனிடம் இருக்கிறது. இன்றைய தோட்டாவை அதில் போட்டு வெடித்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம். அல்லது பேரல் கிழிந்து, அதைத் தாங்கிப் பிடிக்கும் இடது கையின் விரல்கள் போகலாம். பக்கத்தில் நிற்கிறவனின் கண் போகலாம். பன்னிரண்டுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

வாசலுக்குப் போய் நடராஜனுக்குப் போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மளிகைக் கடைக்கு அடித்தேன். முதலாளி விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள்.

செய்ய வேண்டியது என்னவென்று எனக்குத் தெளிவாகத் தெரியும். எத்திராஜிடம் சொல்ல வேண்டும். அவனிடம் நல்ல பைக் இருந்தது, நடராஜனின் தோட்டத்துக்குப் பலமுறை போய் வந்தவன். என்னிடம் இருந்தது மேட்டில் இறங்கித் தள்ளச் சொல்லும் மொபெட். ஆனால் நான் மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். இன்னொரு முறை போன் அடித்தேன். வேலை செய்வது போல ஒரு திருகை அரத்தால் தேய்த்தேன். பூஜை தாமதமாகலாம் என்று நினைத்தேன். அந்தக் காலத்து இரும்பு உறுதியானது என்று நினைத்தேன். எதிரே எத்திராஜ் யாரோ ஒரு வாடிக்கையாளரோடு திருத்தணிப் படிக்கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்தான். சொன்னால் அவன் என்னைத் திட்ட மாட்டான், சிரிக்க மாட்டான். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். திரும்பி வந்த பிறகும் யாரிடமும் சொல்ல மாட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

பதினொரு மணிக்கு, நானே போய் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். நடராஜனின் பேரலைக் கான்வாஸ் பையில் போட்டுத் தோளில் மாட்டினேன்.

"எங்க, புக்கு?"

"பேங்க்குக்கு. ஒரு கையெழுத்து போடணும்."

எத்திராஜ் பையைப் பார்த்தான். என் இடுப்புக்குக் கீழே தொங்கியது.

"நீளமான கையெழுத்தா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

மொபெட் தன் குணத்தைக் காட்டியது. மைன் கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டைத் தாண்டும்போது ஒரு முறையும், பேத்தமங்கலம் ரோட்டில் ஒரு முறையும் நின்றது. தோட்டம் எதுவென்று தெரியாமல் இரண்டு தக்காளித் தோட்டங்களில் போய் விசாரித்தேன். ஒருவழியாக நடராஜனைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். மாமரத்தடியில் கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. துப்பாக்கிக்கு மஞ்சள், குங்குமம், சாமந்திப்பூ. இரண்டு கூலியாட்கள் இப்போதே காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நடராஜன் இரண்டு தோட்டாவையும் உள்ளே போட்டு மூடிக் கையில் ஏந்தியிருந்தார்.

"வெடிக்காதீங்க!" என்று வரப்பிலிருந்தே கத்தினேன்.

"இன்னா புக்கு சார், இவ்ளோ தூரம்? பொங்கல் சாப்ட்டுப் போலாம், வாங்க."

"பேரல் மாறிப்போச்சு. அது உங்க பேரல் இல்ல. தோட்டாவை எடுங்க."

"மாறிப்போச்சா? மூட்றப்ப சரியா மூடிக்கினுச்சே?"

இங்கேதான் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். விளக்க ஆரம்பித்தேன். முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபத்தெட்டு என்றேன். ஐம்பத்திரண்டாயிரம் என்றேன். கடைசி மூன்று இலக்கம் என்றேன். மெஷினில் செய்த கம்பெனி என்பதால் எதுவும் எதிலும் உட்காரும் என்றேன். நடராஜனின் முகத்தில், காஸ் சிலிண்டர் தள்ளுபடி பற்றிப் பேச வந்தவனைப் பார்க்கும் களை வந்தது.

"சார், நூறு வருஷத்துத் துப்பாக்கி. எங்க தாத்தா வெடிச்சாரு, எங்கப்பா வெடிச்சாரு. நேத்து நீங்களே எடுத்துக் குடுத்தீங்க. இன்னிக்கி நீங்களே வந்து வேறன்றீங்க. நல்ல நேரம் முடியப் போவுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"கை போயிடும் நடராஜன்!"

"எத்திராஜண்ணே பாத்தாரா இத்த?"

நான் பையிலிருந்த பேரலை வெளியே எடுத்தேன்.

"அவரு சொன்னாரான்னு கேக்கறேன். அவரு சொல்லட்டும், வுட்டுட்றேன். போன் போடுங்க."

போனில் சிக்னல் இல்லை. தோட்டா போட்ட துப்பாக்கியைப் பிடுங்கப் போவது முட்டாள்தனம். நடராஜன் பொறுமை தீர்ந்து கட்டையைத் தோளில் வைத்துவிட்டார்.

என் தொழில் வாழ்க்கையில் எத்திராஜுக்கு முன்னால் நான் கண்டுபிடித்தது அந்த ஒன்றுதான். முத்திரையைப் பார்த்தவன் நான், புரிந்துகொண்டவன் நான், மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான்.

"எத்திராஜ்தான் கண்டுபிடிச்சார்," என்றேன். "காலைல வந்ததும் பாத்தார். ஓடிப் போய் நிறுத்துன்னு என்னை அனுப்பிச்சதே அவர்தான்."

நடராஜன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். திறந்து தோட்டா இரண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"அத்த மொதல்ல சொல்றதுக்கின்னா?" என்றார் எரிச்சலோடு. "சொம்மா நம்பர் நம்பர்னு."

பேரலைக் கழற்றி, பழைய முத்திரையையும் புது முத்திரையையும் அவருக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பார்க்கவில்லை. எத்திராஜண்ணே சொன்னால் போதும் என்றார். சரியான பேரலைப் பூட்டிக் கொடுத்தேன். பன்னிரண்டு அடிக்கச் சரியாக இரண்டு வெடி வெடித்தார். பன்றிகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

மறுநாள் நடராஜன் ஒரு கிரேட் நிறையத் தக்காளியோடு கடைக்கு வந்தார். என்னைத் தாண்டி நேராக உள்ளே போனார்.

"அண்ணே, இந்தக் கை உங்க கைண்ணே. பேரல் மாறிப்போச்சின்னு நீங்க மட்டும் ஆள் அனுப்பலன்னா இன்னா ஆயிருக்கும்!"

எத்திராஜ் அவரைப் பார்த்தான். பிறகு அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தான். நான் ரிஜிஸ்டரில் எதையோ தேடினேன்.

"அது இன்னா பெரிய விஷயம், நைனா," என்றான் நிதானமாக. "புக்கு பெஞ்சுல இருந்த முனுசாமி ஐயா துப்பாக்கிய மூடிப் பாத்தேன். சத்தம் வேற மாதிரி இருந்துச்சி. உடனே அனுப்பிச்சேன்."

பொய்யில்கூட அவன் கை என் கையைவிடச் சுத்தம்.

நடராஜன் போன பிறகு ஸ்டூலை எடுத்துக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். "எப்பிடிக் கண்டுபிடிச்ச, புக்கு?"

இந்தக் கேள்வியை அவன் என்னிடம் கேட்பான் என்று நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு துப்பாக்கியை ஒன்றாகப் பிரித்ததில் தொடங்கி, 468, மெஷின் வேலை, முத்திரை என்று எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நானா இருந்தா கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்," என்றான். "மெஷின்ல செஞ்சது. சத்தம் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். நல்ல வேல பண்ண."

நான் ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, உலகத்திலேயே சந்தோஷமான மனிதனாக இருந்தேன்.

"எத்தினி மணிக்குப் பாத்த?"

"பத்தரை."

எத்திராஜ் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டிருந்த தலை மெல்ல நின்றது.

"நீ கெளம்பனது பதினோரு மணி இல்ல?" என்றான். "நடுவுல இன்னா பண்ணிக்கினு இருந்த?"

போன் அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அடித்ததும் உண்மை.

"உன்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்," என்றேன்.

எத்திராஜ் எழுந்து ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டான்.

"அடுத்த தடவ தெரிஞ்ச ஒடனே கத்து," என்றான். "வண்டிய மட்டும் நான் ஓட்றேன். கண்டுபிடிச்சது நீதான்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."